புளூட்டோவுக்குப் போகாத இரண்டு பெயர்கள்

1

என் தங்கை வசந்தாவுக்கு நான் ஒரு பொய்ச் சான்றிதழ் செய்து கொடுத்தேன். அவள் பெயரும் அவள் கணவர் தேசிங்கின் பெயரும் புளூட்டோவுக்குப் போகும் விண்கலத்தில் ஏற்றப்பட்டிருப்பதாக அதில் அச்சிட்டிருந்தது. ஏற்றப்படவில்லை. ஏற்றாதவன் நான்தான். சான்றிதழைக் கணினியில் தயாரித்தவனும், நல்ல கெட்டித் தாளில் அச்செடுத்து மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பியவனும் நான்தான்.

இதைத் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் என்னைத் தெரிந்தவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள். எதற்குப் போர்த்தினோம் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஓய்வு பெறும்வரை விண்கலங்களுக்கு அனுப்பும் கட்டளைத் தொகுப்புகளைச் சரிபார்க்கும் வேலை. பெரிய வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். எத்தனையோ பேர் சேர்ந்து செய்ததில் ஒரு மூலை என்னுடையது. விண்கலம் எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்தக் கருவி எப்போது விழிக்க வேண்டும் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். அதில் பிழை இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்போம். பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். இதை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

2

இந்த ஜூலையில் அந்தக் கலம் புளூட்டோவைக் கடந்து பத்து வருடம் ஆனது. பழைய ஆட்கள் ஒரு பூங்காவில் கூடினோம். ஆளுக்கொரு உணவு கொண்டுவர வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். என் மனைவி இருந்தவரை எலுமிச்சைச் சாதம் போகும். இப்போது நான் கடையில் வாங்கிய பழத்துண்டுகளோடு போகிறேன்.

பேச்சு அந்தக் குறுந்தட்டைப் பற்றித் திரும்பியது. கலம் கிளம்புவதற்கு முன்பு, விரும்பும் பொதுமக்கள் இணையத்தில் தங்கள் பெயரைப் பதியலாம் என்று அறிவித்திருந்தார்கள். லட்சக்கணக்கில் பெயர்கள் வந்தன. அவற்றை ஒரு குறுந்தட்டில் எழுதிக் கலத்தின் உடம்பில் திருகிவிட்டார்கள். புளூட்டோவைக் கண்டுபிடித்தவரின் சாம்பலில் ஒரு சிட்டிகையும் அதே கலத்தில் போகிறது. இது கதையல்ல, எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

யார் யார் பெயரை ஏற்றினோம் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பேத்தி பெயரை, அப்போது பிறக்கவே இல்லை, வைக்கப்போகும் பெயரை ஏற்றியிருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, வேலையில் கெட்டிக்காரி, சிரித்துக்கொண்டே தன் நாயின் பெயரை ஏற்றியதாகச் சொன்னாள். நாய் செத்துப் பல வருடமாயிற்றாம். அது இப்போது சூரிய மண்டலத்தின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஒரு நாயின் பெயர் போகிறது. என் தங்கையின் பெயர் போகவில்லை. பழத்துண்டுகளைத் தட்டோடு அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

3

நடந்ததைச் சொல்கிறேன்.

2005இல் விடுமுறைக்கு அஸ்தினாபுரம் வந்திருந்தேன். எங்கள் வீடு அங்கேதான். அப்பா ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி சேகர் அவரோடு இருந்தான். பெயர் பதியும் செய்தியைச் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே குஷி. அலமாரியில் இருந்து பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

"வரிசை வேணும்டா. யார் பேருக்கு மேல யார் பேரு வருதுன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான் பாரு."

"அப்பா, அதுல வரிசையே கிடையாது. லட்சம் பேரோட கலந்துடும்."

"கலந்தாலும் நாம ஒழுங்கா குடுக்கணும்."

வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு இது விளங்காது. நம் ஊரில் விளக்கவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே யார் பெயர் வருகிறது, யார் பெயர் வரவில்லை என்பதுதான் ஒரு குடும்பத்தின் அரசியல் சட்டம். பெயர் விட்டுப்போன சித்தப்பா மூன்று தலைமுறைக்குப் பேச மாட்டார். புளூட்டோவுக்குப் போகும் கலத்தையும் நாங்கள் அப்படித்தான் நிரப்பினோம். பெரியப்பா முதலில். அவர் இறந்துவிட்டார், பரவாயில்லை, பெரியவர். அப்புறம் அப்பா. மாமனார் வீட்டார் தனிப் பத்தி. சேகர் தன் மைத்துனன் பெயரைச் சேர்க்கச் சொன்னான். அப்பா முகத்தைச் சுளித்துவிட்டுச் சேர்த்தார்.

நான் கடைசியில் 'வசந்தா, தேசிங்கு' என்று எழுதினேன்.

அப்பா பேனாவை வாங்கி இரண்டு பெயரையும் அடித்தார். கோபமில்லை, குரல்கூட உயரவில்லை. "அவ பேரு இருந்தா என் பேரை எடுத்துடு" என்றார்.

வசந்தா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. தேசிங்கு அதே பள்ளியில் ஆய்வகப் பணியாளர். கோவளத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துப் பையன். அவருடைய அப்பா படகில் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்றவர். அதற்குப் பத்து வருடம் முன்பு, இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, எங்கள் அப்பா கிணற்றடியில் தலைமுழுகினார். செத்தவளுக்குச் செய்வதை உயிரோடு இருப்பவளுக்குச் செய்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அச்சான எந்தப் பத்திரிகையிலும் அவள் பெயர் இல்லை. சேகர் கல்யாணத்தில் இல்லை. அம்மாவின் கருமாதிக் கடிதத்தில்கூட இல்லை. பெற்ற மகள் அம்மா செத்ததை இரண்டு நாள் கழித்துக் கேள்விப்பட்டாள்.

நான் படித்தவன். வெளிநாட்டில் இருப்பவன். சீர்திருத்தம் பேசுகிறவன். அப்பா அடித்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். சரி, அவர் முன்னால் வாதாட வேண்டாம், திரும்பிப் போய் என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பெயரைச் சேர்த்திருக்கலாமே? அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை. அப்பா சொல்லை மீறாத பிள்ளை என்று எனக்கு நானே ஒரு பட்டம் கட்டிக்கொண்டு, பதினொரு பெயர்களைப் பதிந்து, பதினொரு சான்றிதழ்களை அச்செடுத்து அஸ்தினாபுரத்துக்கு அனுப்பினேன். கோழைத்தனத்துக்கு மரியாதை என்று பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

4

அதே வருடங்களில் இங்கே என் அலுவலகத்தில் பாதுகாப்பு அனுமதிக்காக ஒரு நீண்ட படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. உடன்பிறந்தோர் அனைவரின் பெயரும் கேட்டார்கள். ஒருவரை விட்டாலும் குற்றம், வேலை போகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் வசந்தாவின் பெயரை முழுதாக எழுதினேன். கணவர் பெயர், குப்பத்து முகவரி, எல்லாம். விசாரித்த அதிகாரி, அடிக்கடி பேசிக்கொள்வீர்களா என்று கேட்டார். மாதம் ஒரு முறை என்றேன். உண்மைதான். வீட்டில் யாருக்கும் தெரியாமல் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் எனக்குத் தங்கை இருந்தாள். பயம் இருந்த இடத்தில் உண்மை சொன்னேன். அன்பு இருந்த இடத்தில் பொய் சொன்னேன்.

அப்படி ஒரு மாதம் போனில் பேசும்போது வசந்தா கேட்டாள். செய்தித்தாளில் படித்துவிட்டிருந்தாள்.

"அண்ணா, ராக்கெட்ல பேரு போடறாங்களாமே. எங்க ரெண்டு பேரையும் போட்டுட்ட இல்ல? அவரு ரெண்டு நாளா இதையேதான் பேசினு இருக்காரு."

பதிவு முடிந்து சில வாரம் ஆகிவிட்டிருந்தது. இனி சேர்க்க முடியாது.

"போட்டாச்சு" என்றேன்.

"அதுக்கு ஏதோ சான்றிதழ் குடுப்பாங்களாமே?"

"அனுப்பறேன்."

அன்று சாயங்காலமே செய்துவிட்டேன். பழைய சான்றிதழ் ஒன்றின் மாதிரி என்னிடம் இருந்தது. எழுத்துரு பொருந்தவில்லை. பொருந்தும்வரை உட்கார்ந்து தேடினேன். என் வேலையில் இருக்கும் கவனம் முழுவதையும் அதில் காட்டினேன்.

5

கலம் கிளம்பிய அதே வருடம் வானியல் அறிஞர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, அட்டையைத் தூக்கி ஓட்டுப் போட்டு, புளூட்டோவைக் கிரகங்களின் வரிசையிலிருந்து எடுத்தார்கள். அது குறுங்கோளாம். நான் கொதித்துப் போனேன். நம்மூர்ப் பத்திரிகை ஒன்றுக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினேன். 'தூரத்தில் இருப்பதாலும் சிறியதாக இருப்பதாலும் ஒன்றைக் குடும்பத்திலிருந்து நீக்க இவர்கள் யார்?' என்று கேட்டேன். அச்சில் வந்தது. அப்பா அதை வெட்டி வைத்துக்கொண்டார். சேகர் கண்ணாடிச் சட்டம் போட்டான். ஊரே என்னோடு சேர்ந்து ஒரு பனிக்கட்டி உருண்டைக்காக ஆத்திரப்பட்டது.

இதை எழுதும்போது என் காது சூடாகிறது. அப்போது ஆகவில்லை.

கலம் ஒன்பதரை வருடம் பறந்தது. பெரும்பாலும் உறங்க வைத்திருப்போம். வாரம் ஒரு முறை 'நலம்' என்று ஒரே ஒரு வானலைக் குறிப்பு அனுப்பும், அவ்வளவுதான். விவரம் கிடையாது. நானும் ஊரோடு அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். போகும் வழியிலேயே புளூட்டோவுக்கு மேலும் இரண்டு நிலவுகள் இருப்பதைத் தொலைநோக்கியில் கண்டுபிடித்தார்கள். மொத்தம் ஐந்து. புதிய நிலவுகள் என்றால் புதிய தூசி. அரிசியளவு துகள் பட்டாலே கலம் காலி. வழியெல்லாம் நிலவுகளைத் தேடிப் பார்த்துக் கணக்கில் சேர்த்தோம். எதையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் அதுவே நம்மை அடிக்கும் என்று கூட்டத்தில் நானே பேசினேன்.

அந்தக் கலத்தில் ஒரு விசேஷம். அதன் கேமராக்களையும் வானலைத் தட்டையும் தனித்தனியாகத் திருப்ப முடியாது. எல்லாம் உடம்போடு இறுக்கப்பட்டவை. புளூட்டோவைப் பார்க்க வேண்டுமானால் பூமிக்கு முதுகைக் காட்ட வேண்டும். பூமியோடு பேச வேண்டுமானால் புளூட்டோவை விட வேண்டும். அதனால் மிக அருகில் போன அந்த நாள் முழுவதும் அது எங்களோடு பேசவில்லை. உயிரோடு இருக்கிறதா, நொறுங்கிவிட்டதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு அந்த முதல் குறிப்பு வந்தபோது எழுபது வயதை நெருங்கியவர்கள் எல்லாம் நாற்காலியில் ஏறி நின்று கத்தினார்கள். நானும் அழுதேன். பனிமலைகளையும், இதய வடிவில் கிடந்த வெள்ளைச் சமவெளியையும், பெரிய நிலவின் உச்சியில் இருந்த செம்மண் நிறத்தையும் மனிதக் கண் அப்போதுதான் முதலில் பார்த்தது. எடுத்த படங்கள் முழுவதும் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வேலையில் இருந்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். அதை மறைக்கவில்லை.

6

அடுத்த விடுமுறையில் சேகரும் காலனிக்காரர்களும் குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துப் பாராட்டு விழா வைத்தார்கள். ரயில் நிலையத்தில் இருந்து மண்டபம் வரை என் முகம். 'புளூட்டோவைத் தொட்ட தமிழரே' என்று பேனர். நாங்கள் அதைத் தொடவில்லை, கடந்து போனோம். சொன்னேன். யார் கேட்டார்கள்?

கூட்டம் கலைந்து வெளியே வரும்போது, செருப்பு விடும் இடத்தில் வசந்தாவும் தேசிங்கும் நின்றார்கள். உள்ளே வரவில்லை. அப்பா முதல் வரிசையில் இருந்தார். தேசிங்கின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தச் சான்றிதழ்.

"மச்சான்! நம்ம பேரு இப்ப எங்க போய்கினு கீது?"

குரல் கணீரென்று இருந்தது. நான் சுற்றிப் பார்த்தேன், யாராவது கேட்டார்களா என்று. அவர் என்னை மச்சான் என்று கூப்பிட முழு உரிமை உள்ளவர்.

"புளூட்டோவைத் தாண்டிடுச்சு" என்றேன்.

"பாத்தியா வசந்தா? அதுக்கு அந்தாண்ட போயிட்டோம் நாம. எங்கண்ணன் ஏழுமலை நம்பல மச்சான். 'டேய், மகாபலிபுரம் பஸ்ஸுல எடம் புடிக்க மாட்ட, உனக்கு ராக்கெட்டுல எடமா?'ன்றான். அதான் இத்த எடுத்துகினு வந்தேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. அவன் மூஞ்சில காட்டணும்."

போட்டேன். பொய்ச் சான்றிதழின் மேல் என் கையெழுத்தையும் போட்டேன். சேகர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணா, டைம் ஆச்சு" என்றான். வசந்தாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான். நான் காரில் ஏறினேன்.

அப்பா அதற்கடுத்த வருடம் போனார். இரண்டு வருடங்களுக்கு முன்பு தேசிங்கு மாரடைப்பில் போனார். நான் வரவில்லை. முழங்கால் அறுவை என்று சொன்னேன். அறுவை அதற்கு அடுத்த மாதம்தான். போனில் வசந்தா, "அவரு பேரு இன்னும் போய்கினுதானே கீது அண்ணா? நிக்காது இல்ல?" என்று கேட்டாள்.

"நிக்காது" என்றேன்.

7

பூங்காவில் இருந்து எழுந்து வந்த பிறகு முதலில் நான் செய்தது பைத்தியக்காரத்தனம். இன்னும் வேலையில் இருக்கும் ஒரு பழைய சகாவிடம், கலத்துக்கு அனுப்பும் கட்டளைகளோடு இரண்டு பெயர்களையும் அதன் நினைவகத்தில் எழுதிவிட முடியுமா என்று கேட்டேன். ஒலி வேகமல்ல, ஒளி வேகத்தில் போனாலும் இப்போது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சொந்தக் காரியத்துக்கு ஒரு எழுத்துகூட அனுப்ப அனுமதியில்லை என்றார். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன் என்று நினைவூட்டினார்.

என் மகன் அருணிடம் சொன்னேன். இங்கேயே பிறந்தவன். அவனுக்கு முதல் சந்தேகமே வேறு.

"வெயிட், அப்பா. எனக்கு ஒரு அத்தை இருக்காங்களா?"

முப்பத்தைந்து வயது மகன் கேட்கிறான். குழந்தைகள் வேரை மறந்துவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் புலம்புகிறவன் நான். மறப்பதற்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒரு சிடிதானே? வேற ஏதாவது மிஷன்ல போட்டுடலாம்" என்றான். அவன் மனதில் கபடமில்லை.

ஆகஸ்டில் கிளம்பி வந்தேன். அஸ்தினாபுரத்தில் பெட்டியை வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வாடகைக் கார் எடுத்தேன். சிறுசேரி தாண்டிக் கடற்கரைச் சாலைக்குத் திரும்பிக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம்.

"இன்னா அண்ணா, சொல்லாம கொள்ளாம?" என்று வசந்தா வாசலுக்கு வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. உள்ளே தேசிங்கின் படம், மாலை, அதன் பக்கத்தில் சட்டம் போட்ட சான்றிதழ். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பெயர்களை அடித்தது, நான் சேர்க்காதது, எழுத்துரு தேடியது, கையெழுத்து.

அவள் கேட்ட முதல் கேள்வி: "அவரு பேரும் இல்லையா?"

"இல்லை."

"அப்பா அடிச்சாரு. சரி. வாசப்படி மிதிக்காதன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளு. அவரு மேல எனக்குக் கோவம் கீது, சந்தேகம் கெடையாது. நீ இன்னா பண்ண? இருவது வருஷமா என்னை ஊருக்கு முன்னாடி பைத்தியக்காரியா நிக்க வெச்சிருக்க."

"வசந்தா..."

"பேசாத. இங்க ஒவ்வொரு சண்டையிலயும் என்னை இன்னா சொல்லுவாங்க தெரியுமா? 'பொறந்த வூட்டுலயே தலைமுழுகிட்டாங்க உன்னை'ன்னுவாங்க. நான் அந்தக் காகிதத்தைக் காட்டுவேன். 'எங்கண்ணன் முழுகல. வானத்துல ஏத்தி வெச்சிருக்கான்'னு."

"புதுசா வேற கலம் போகுது. அதுல உங்க ரெண்டு பேரையும்..."

"நீ குடுக்கற காகிதத்தை இனிமே நான் எப்படி அண்ணா நம்புவேன்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வா. நான் யார்கிட்டல்லாம் காட்டினேனோ அவங்ககிட்ட நீயே வந்து சொல்லு."

8

மணலில் ஏற்றி வைத்த படகுகளின் நிழலில் ஏழெட்டுப் பேர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். தேசிங்கின் அண்ணன் ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார்! ராக்கெட்டு நல்லா ஓடுதா? எங்க தம்பி டிக்கெட் எடுத்தானா, வித்தவுட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா சிரிக்கவில்லை. நான் சொன்னேன். மேடையில் பேசிப் பழகிய வாய் அங்கே இரண்டு இடத்தில் திக்கியது. சொல்லி முடித்தபின், என் ஆத்திரத்தையும் கொட்டிவிட்டேன். "ஒரு நாயோட பேரு போகுது ஐயா! நாயோட பேரு போகுது, உங்க தம்பி பேரு போகல!"

ஏழுமலை வலையைக் கீழே வைத்தார்.

"நாய் மேல எதுக்கு சார் கோவப்படறீங்க? அத்த வளர்த்த பொம்பள அது மேல ஆசை வெச்சா, பேரை எழுதினா. அவ மேல இன்னா தப்பு?"

வலையைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கிட்டே வந்தார்.

"எங்க தம்பி வெள்ளந்தி. செத்துப்போற அன்னிக்குக் காலையில கூட, 'அண்ணே, நான் செத்தாலும் மேல போய்கினே இருப்பேன்'னு என்னைக் கிண்டல் பண்ணான். நான் உன்னை நம்பலடான்னேன். நான் சொன்னதுதான் சரியாப் போச்சு. அது எனக்கு நல்லா இல்ல சார்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க இத்த சொல்லாமலே இருந்திருக்கலாம். இல்லாட்டி அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

திரும்பி நடக்கும்போது வசந்தா என்னோடு வரவில்லை. "சொல்லிட்ட இல்ல? கெளம்பு. சேகர் தேடுவான்" என்றாள். சான்றிதழை அவள் கழற்றினாளா, அப்படியே விட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதி இல்லை.

9

அஸ்தினாபுரத்தில் சேகர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் காட்டினான். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம். என் பெயர் பெரிய எழுத்தில், பக்கத்தில் அடைப்புக்குள் 'புளூட்டோ'. வசந்தாவின் பெயர் இல்லை.

"இதுல வசந்தா எங்கடா?"

"அண்ணா, ப்ளீஸ். இப்பப் போயி அதைக் கிளறாதே."

"அப்பா போயாச்சு. இப்ப யாருடா தடுக்கறது?"

"அப்பா போனா என்ன, ஊரு இருக்கு. நீ இங்க இருக்கப்போறது பத்து நாள். அப்புறம் பிளைட் ஏறிடுவ. பேச்சு கேக்கறது நான்." பத்திரிகையை மடித்துக்கொண்டே, "நீயும்தானே இத்தனை வருஷம் சும்மா இருந்த?" என்றான்.

அதில் பொய்யில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் மேல் பாதி, என் மேல் பாதி. அன்று மாலை, எங்கள் குடும்பத்தின் கைபேசிக் குழுவில், எண்பது பேருக்கு மேல் இருக்கும் அந்தக் குழுவில், எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். பொய்ச் சான்றிதழை நான் செய்தது, அப்பா பெயர்களை அடித்தது, சேகர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. வசந்தாவின் பெயர் இல்லாத பத்திரிகையில் என் பெயர் வேண்டாம் என்று எழுதினேன். வசந்தா அந்தக் குழுவில் இல்லை. அவளை யாரும் எப்போதும் சேர்த்ததில்லை.

முதலில் ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். ஒரு சித்தி, 'வயசாச்சு, தூக்கம் சரியில்லை போல' என்று எழுதினாள். மாப்பிள்ளை வீட்டாரில் இருவர் அதில் இருந்தது எனக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் சேகர் என்னைக் குழுவிலிருந்து நீக்கினான். பத்திரிகை அச்சாகி வந்தது. நான் கேட்டதில் பாதி கிடைத்தது. என் பெயர் அதில் இல்லை. வசந்தா பெயரும் இல்லை. கல்யாணத்துக்கு இருக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே வந்த பிறகு மூன்று முறை வசந்தாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. போன வாரம் அவளே கூப்பிட்டாள். செய்தி எப்படியோ போயிருக்கிறது. நான் எழுதியதால் கல்யாணம் நின்றுவிடாது என்று அவளுக்குத் தெரியும்போல, அதைப் பற்றிக் கேட்கவில்லை. நலம்கூட விசாரிக்கவில்லை.

"குரூப்புலேர்ந்து உன்னை எடுத்துட்டாங்களாமே?"

"ஆமா."

"பத்திரிகையிலயும் இல்லையா?"

"இல்ல."

"எப்படிக் கீது?"

யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "நல்லா இல்ல வசந்தா. காலையில எழுந்ததும் போனைப் பாக்கறேன். யாரு என்ன எழுதினாங்கன்னு தெரியல. தூக்கம் வரல."

அவள் மறுமுனையில் சிரித்தது கேட்டது. நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

"முப்பது வருஷம் இருந்து பாரு. பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.